முயலுக்கு விற்ற மைதானம்

கோல்ஃப் மைதானத்தில் ஏன் 18 குழி, 10 அல்லது 20 என்று வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கணக்கை யாரும் யோசித்து வகுக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிற்றூரில் 1764இல் செய்த ஓர் ஒட்டுவேலையால் வந்தது அது.

அங்கே ‘ஓல்டு கோர்ஸ்’ என்ற மைதானம் கடலோரமாக நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. போகும்போது 11 குழி, வந்த வழியே அதே குழிகளில் திரும்பும்போது 11, ஆக 22 என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் நான்கு குழிகள் மிகவும் கிட்டக்கிட்ட இருந்ததால் அவற்றை இரண்டாக்கினார்கள். போக 9, வர 9. உலகம் அதையே பிடித்துக்கொண்டது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். ஆட்டக்காரர்கள் பெருகியதும், போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியில் முட்டிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ‘கிரீன்’ எனப்படும் புல்தளங்களை அகலப்படுத்தி, ஒரே தளத்தில் இரண்டு குழி வெட்டினார்கள். போகும் குழிக்கு வெள்ளைக்கொடி, திரும்பும் குழிக்குச் சிவப்பு. இன்றும் அப்படி ஏழு இரட்டைத் தளங்கள் உண்டு. 2ஆம் குழியோடு 16, மூன்றோடு 15, நான்கோடு 14, ஐந்தோடு 13 என்று போகிறது வரிசை. எந்தச் சோடியைக் கூட்டினாலும் 18! இதை எழுதுபவர் நம்பாமல் காகிதத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்; எட்டும் பத்தும் வரை பிசகவில்லை. ஐந்தும் பதிமூன்றும் பகிர்ந்துகொள்ளும் தளம் மட்டுமே முக்கால் ஏக்கருக்கு மேல்.

இந்த நிலத்துக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல்மேடு; உழவுக்கு உதவாது. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் இறங்கிவிடும், புல் குட்டையாக, இறுக்கமாக வளரும். நூற்றுக்கும் மேலான ‘பங்கர்’ எனப்படும் மணல் பள்ளங்களில் பலவும் காற்றும் முயலும், குளிருக்கு ஒதுங்கிய ஆடுகளும் தோண்டிக் கொடுத்தவை என்பார்கள். கடல் இலவசமாகச் செய்த இந்த வேலையை, வறண்ட ஊர்களில் போர்வெல் தண்ணீர் இறைத்துச் செய்யப் பார்க்கிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

முயல் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே முயல் வளர்க்க அனுமதி பெற்ற பேராயர் ஜான் ஹாமில்டன், ஊராருக்கு அந்த நிலத்தில் கோல்ஃப் ஆடும் உரிமை உண்டு என்பதை 1552இலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் 1797இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்றுவிட்டது. அது முயல் வளர்க்கும் வணிகர்கள் கைக்குப் போயிற்று. புல்தரையெங்கும் வளை. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், சண்டை நீதிமன்றம்வரை போய், ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821இல் பக்கத்து நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் தனிச் சட்டத்தின் துணையோடு ஊரே அதைத் திரும்ப வாங்கியது. கடன் வந்ததும் புறம்போக்கின் மேல் கண் வைக்கும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியதல்ல போலும். வித்தியாசம், அங்கே திரும்ப வாங்கினார்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1754இல் 22 பேர் கூடித் தொடங்கி, பின்னர் ‘ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்’ என்று அரச பட்டம் பெற்ற புகழ்பெற்ற கிளப்பின் மாளிகை முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கிறது. மைதானம் கிளப்புக்குச் சொந்தமில்லை. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. அதன் பொறுப்பில் இப்போது ஏழு மைதானங்கள். ஓல்டு கோர்ஸில் ஆட வெளியூர்க்காரரும் பெயர் கொடுக்கலாம், குலுக்கலில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

ஆடத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகலாம். பெரிய போட்டி நாட்கள் தவிர அன்று பந்து பறக்காது. ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் புல்லில் உலாவுகிறார்கள்.