தாடை மூட்டும் மாதவிலக்கும்

காதுத் துளைக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலின் கீழ் அசைவதே தாடை மூட்டு. கீழ்த்தாடை ஒரே எலும்பாதலின் இடமும் வலமும் உள்ள இரு மூட்டுகளும் சேர்ந்தே இயங்க வேண்டும். வாய் திறக்கையில் எலும்பின் தலை முதலில் கதவுக் கீல் போலச் சுழலும். பின்னர் முன்னோக்கி வழுக்கும். இடையே மெத்தை போல ஒரு வட்டு உண்டு. அது இடம் பிசகினால் 'டக்' என்ற ஒலி எழும். வலியின்றி ஒலி மட்டும் கேட்டால் மருத்துவம் வேண்டியதில்லை.

வலி வந்தால்தான் தொல்லை. காதருகே வலிப்பதால் காது வைத்தியம். அது பலிக்காவிடில் பல் வைத்தியம்! ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் இவ்வாறே நல்ல கடைவாய்ப்பல்லை இழந்தார். வலி மட்டும் போகவில்லை. மாதவிலக்கு நெருங்கினால் வலி கூடுகிறதென்று அவர் சொன்னபோது, "எல்லாம் மனப்பிரமை" என்றார்களாம்.

பிரமையன்று. இந்நோய்க்கு மருத்துவம் நாடுவோரில் பெண்களே மிகுதி. மற்ற மூட்டுவலிகள் முதுமையில் பெருகும். இதுவோ பிள்ளை பெறும் வயதில் மிகுந்து, பின்னர் குறைகிறது. 1934இல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப்பற்களை இழப்பதே மூலம் என்றார், அக்கருத்து நிலைக்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிண்டா லெரெஷ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும் மாதவிலக்கு நாட்களில் வலி உச்சத்தில் இருந்தது. அந்த ஹார்மோன் மிகுந்திருக்கும் கருவுற்ற காலத்தில் வலி தணிந்ததை 2005இல் எழுதினர். அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மருந்தாகுமா? ஆகாது. மாதவிலக்கு நின்றபின் அதை உட்கொண்டோருக்கு இவ்வலி மிகுந்திருந்ததென அதே குழுவினர் 1997இல் கண்டனர். அளவைவிட ஏற்ற இறக்கமே வலியைத் தூண்டுகிறது போலும்.

ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் உண்டு. வலி எல்லோருக்கும் இல்லை. பல்லைக் கடிக்கும் பழக்கம், அடிபடுதல், மனக்கவலை ஆகியனவும் சேர வேண்டும். தேர்வுக் காலத்தில் நம் மாணவியர் பல்லைக் கடித்தபடி படிப்பதை நானே பார்க்கிறேன்! உதடுகள் சேர்ந்திருந்தாலும் பற்கள் விலகியிருக்கட்டும். வலியுள்ள நாட்களில் மணப்பாறை முறுக்கையும் கரும்பையும் ஒதுக்கி, குழைந்த சோறு உண்டு, வெந்நீர்த் துணியால் ஒற்றடம் கொடுத்தாலே பலருக்குத் தணிந்துவிடும்.

தணியாவிட்டாலோ, வாய் பூட்டிக்கொண்டாலோ புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லலாம். வலித்த நாட்களையும் மாதவிலக்கு நாட்களையும் நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். பல்லை எடுக்கச் சொன்னால், அந்தப் பல்லில் என்ன பழுது என்று கேளுங்கள்.