சேறு தங்க ஒரு குளம், வெள்ளம் போக ஒரு வழி



2015-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் குவாந்தான் கடலோரம் செந்நிறமாக மாறியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். குங்குமத்தைக் கரைத்துக் கொட்டியது போலிருந்தது அந்தக் காட்சி. புக்கிட் கோ பெல்டா குடியேற்றப் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் பாக்சைட் தோண்டுவதற்காக மரம் செடிகளை அகற்றியிருந்தார்கள். அந்த வெற்று நிலத்தில் பருவமழை கொட்டியது. செம்மண் ஆற்றில் இறங்கிக் கடலைச் சேர்ந்தது. 2016 ஜனவரி 15 முதல் தோண்டும் வேலைக்கு அரசாங்கம் தற்காலிகத் தடை விதித்தது.

மழையை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால், சுரங்கத்தில் விழுந்த மழைநீர் எப்படி வெளியேற வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். அதற்குத்தான் வண்டல் குளமும் உபரிநீர் வழிந்தோடியும். நான் பொறியியல் படித்தவன் அல்லன். புரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 10 ஹெக்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 50 இலட்சம் லிட்டர். நிலம் வெறுமையாக இருந்தால் அதில் பெரும்பகுதி மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தைத் தடுத்து, நிதானமாக்கி, மண்ணைக் கீழே படிய வைப்பதே வண்டல் குளத்தின் வேலை.

எல்லா மண்ணும் ஒரே வேகத்தில் படிவதில்லை. 0.1 மில்லிமீட்டர் அளவுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதைவிட 50 மடங்கு சிறிய களிமண் துகளுக்கோ மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஆகவே, குளத்தை ஆழமாக வெட்டினால் மட்டும் போதாது, பரப்பளவு வேண்டும். நீர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எதிரெதிர்க் கோடியில் அமைய வேண்டும். அருகருகே இருந்தால், வந்த சேறு வந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். மிக நுண்ணிய களிமண்ணுக்குப் படிகாரம் போன்ற பொருளைக் கலக்க வேண்டியிருக்கும். கலங்கிய தண்ணீரில் நம் பாட்டிமார்கள் படிகாரத்தைச் சுற்றியதும் இதே காரணத்துக்காகத்தான்.

படிந்த சேற்றை அவ்வப்போது அள்ளவும் வேண்டும். அள்ளாமல் விட்ட குளம் பெயருக்குத்தான் குளம். அடுத்த மழைக்கு அதில் இடம் இருக்காது.

சரி, குளம் நிரம்பிவிட்டால்? இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது. மண் கரையின் தலைக்கு மேல் தண்ணீர் வழியத் தொடங்கினால், அது கரையின் மறுபக்கத்தை அரித்து உடைத்துவிடும். அதனால் கரை உச்சியைவிடத் தாழ்வாக, கல்லோ காங்கிரீட்டோ பதித்த அகலமான வழிந்தோடி ஒன்று அவசியம். தமிழ்நாட்டு ஏரிகளில் இதைக் கலங்கல் என்பார்கள். குழாய் ஒன்று போதாதா என்று கேட்கலாம். குழாய்க்கு மேல் நிற்கும் நீரின் உயரம் இரட்டிப்பானால் அதன் வெளியேற்றம் ஏறக்குறைய 1.4 மடங்குதான் கூடும். வழிந்தோடியிலோ அது 2.8 மடங்காகும். குழாயைக் குப்பையும் அடைத்துவிடலாம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கின் மேலே, நிலக்கரிக் கழிவைக் கொண்டு ஓர் அணை கட்டியிருந்தார்கள். முறையான வழிந்தோடி இல்லை. இருந்தது 24 அங்குலக் குழாய் ஒன்றுதான். 1972 பிப்ரவரி 26 காலை, மழையில் நிரம்பிய அணை உடைந்தது. மாண்டவர்கள் 125 பேர்.

1977-இல் அந்நாட்டில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கச் சட்டம் வந்தது. அதன் விதிகளின்படி, வண்டல் குளம் 10 ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய 24 மணி நேர மழையைச் சமாளிக்க வேண்டும். சிறிய குளத்தின் வழிந்தோடியும் 25 ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய 6 மணி நேர மழையைத் தாங்க வேண்டும்.

‘25 ஆண்டுக்கொரு முறை’ என்றதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 4 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பத்தாண்டு நடக்கும் சுரங்கத்தில் அந்த மழை வருவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு.

உங்கள் வட்டாரத்தில் மலையைக் குடைகிறார்களா? மண்ணைத் தோண்டுகிறார்களா? இரண்டே கேள்வி கேளுங்கள்: குளத்துச் சேற்றைக் கடைசியாக எப்போது அள்ளினீர்கள்? குளம் நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? பதில் இல்லையென்றால் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள். ஆறு சிவந்த பிறகு வருந்துவதைவிட, மழைக்கு முன் கேட்பது நல்லது.