'மரவள்ளி பை' குப்பையில் போட்டால் மக்குமா? வாங்கும் முன் இதைப் படிங்க!

அச்சங்குளம்:

"நான் பிளாஸ்டிக் இல்லை, மண்ணில் மக்கிவிடுவேன்" என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பையை கடைக்காரர் நீட்டினால் நம்பி வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அதை குப்பைமேட்டில் வீசினால் மக்கிவிடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1-ந்தேதி முதல் தடை அமலில் உள்ளது. இதற்கு மாற்றாக வந்தவைதான் மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றில் இருந்து தயாராகும் பைகள்.

தயிர் புளிப்பும் பிளாஸ்டிக்கும்

மாவுச்சத்தை சர்க்கரையாக்கி, நுண்ணுயிரி விட்டு புளிக்க வைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிரை புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். அதை மணி கோர்ப்பது போல சங்கிலியாக கோர்த்தால் 'பி.எல்.ஏ.' என்ற பிளாஸ்டிக் ரெடி.

ஆனால் இது விறைப்பானது, சீக்கிரம் உடையும். அதனால் பை செய்ய 'பி.பி.ஏ.டி.' என்ற இன்னொரு பிளாஸ்டிக்கை கலக்கிறார்கள். இது பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து வருவது, ஆனாலும் மக்கும். அதே நேரம், பிரேசிலில் 2010 முதல் கரும்பில் இருந்து பெரிய அளவில் தயாராகும் பாலித்தீன் மக்காது. ஆக, எதில் இருந்து வந்தது என்பது வேறு, மக்குமா என்பது வேறு.

58 டிகிரி சூடு

மக்கும் பிளாஸ்டிக் என்று சான்று வாங்க கடும் சோதனை உண்டு. சுமார் 58 டிகிரி சூடும், போதிய ஈரமும் உள்ள உரக்குவியலில் 180 நாட்களுக்குள் அதில் உள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அந்த உரத்தில் செடி முளைக்கவும் வேண்டும்.

அச்சங்குளத்தில் வெயில் என்னதான் கொளுத்தினாலும், கண்மாய்க்கரை குப்பையில் அந்த சூடும் ஈரமும் மாதக்கணக்கில் சேர்ந்து நிற்காது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட முடிவு இதற்கு சாட்சி. உரமாகும் பை கடல் நீரில் 3 மாதத்தில் மறைந்துவிட்டது. மண்ணில் புதைத்ததோ 27 மாதம் கழித்தும் கிடந்தது. 'மக்கும்' என்று விற்கப்பட்ட வேறு ஒரு வகை பை, 3 வருடம் மண்ணில் கிடந்த பிறகும் சாமான் தூக்கும் அளவுக்கு கெட்டியாக இருந்தது!

கொளுத்தினால் ஆபத்து

"மக்கலையா, தீ வச்சுரு" என்ற பழக்கம் எந்த ஊரிலும் கெடுதல்தான். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த வட்டாரத்தில் காற்றில் பறக்கும் ஒரு தீப்பொறி போதும், விபரீதமாகிவிடும். எனவே மரவள்ளி பையாக இருந்தாலும் கொளுத்தவே கூடாது. பழைய பாட்டில், கவர்களுடன் சேர்த்து மறுசுழற்சிக்கும் போடக்கூடாது. கலந்தால் அந்த பிளாஸ்டிக்கின் தரமும் கெட்டுவிடும்.

எதைப் பார்த்து வாங்குவது?

உரமாகும் பை என்றால் ஐ.எஸ். 17088 தர அளவுக்கு உட்பட்டு இருக்க வேண்டும். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு விதி. தயாரிப்பாளர் பெயரும் சான்று எண்ணும் பையிலேயே அச்சாகி இருக்க வேண்டும். இவை இல்லாமல் வெறும் பச்சை இலை படம் மட்டும் இருந்தால் உஷார்!

நல்ல மாற்றுப்பொருள் என்றால் மூன்று கேள்விக்கு பதில் வேண்டும். விளைய வைக்க எவ்வளவு நிலம், தண்ணீர்? ஆலைக் கழிவுநீர் எங்கே போகிறது? பயன்படுத்திய பிறகு எங்கே சேர்கிறது? மூன்றாவது கேள்விக்கு பனை ஓலையில் சுற்றிய ஓலை வெடி எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அதன் கூடு எந்த ஆலையும் இல்லாமல் மண்ணோடு மண்ணாகிவிடும்.

2021 டிசம்பர் 23-ந்தேதி தமிழக அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' திட்டத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதா பிளாஸ்டிக் பையை விட பருவநிலைக்கு நல்லது என்று சொல்ல, பருத்திப் பையை குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் அரசின் 2018-ம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. அதாவது வாரச்சந்தைக்கு ஒரே பையை ஒரு வருஷம் கொண்டு போகணும். வீட்டில் பத்து மஞ்சப்பை தொங்கவிட்டு, கடையில் புதுப்பை கேட்டால் பலன் இல்லை.