'மரம் வெட்டினாள்' என்றால் என்ன?

என் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் அச்சுப் பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. சாஆ. ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டம். யோங் பெங்கிலிருந்து லாபிசுக்குப் பழைய சாலையில் போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போக வேண்டும்.

சொல்லின் நடுவே உயிரெழுத்து தனியாக வந்து நிற்பது தமிழில் அரிது. இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு உடனே அளபெடை நினைவுக்கு வரும். திருக்குறளில் 'கெடுப்பதூஉம்' என்று வருகிறதே, அதுபோல. ஆனால் அளபெடையில் நெட்டெழுத்துக்குப் பின்னால் அதன் இனமான குற்றெழுத்துதான் வரும். அந்தக் கணக்குப்படி எங்கள் ஊர் 'சாஅ' என்று இருக்க வேண்டும். மலாய்க்காரர்கள் இரண்டு அசையாகச் சொல்லும் பெயரை நம்மவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள்; இலக்கணத்தைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டு இதழ் ஒன்றுக்கு ஒருமுறை கதை அனுப்பியபோது, அங்கே யாரோ கடைசி எழுத்தைப் பிழை என்று வெட்டிவிட்டார்கள். 'சா' என்றால் தமிழில் இறந்து போ என்று பொருள். நான் சாவில் வசிப்பதாக அச்சாகி வந்தது. வீட்டில் ஒரு வாரம் இதே சிரிப்பு.

பகலில் எனக்குக் கடைக் கணக்கு எழுதும் வேலை. இரவில் கதை எழுதுவேன். அண்மையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் மாணவர்களோடு பேச அழைத்திருந்தார்கள். நான்காம் படிவ மாணவர் ஒருவர் கையை உயர்த்தி, "டீச்சர், கதையில் 'லா' போடலாமா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அன்று நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என் முதல் கதையை ஐந்தாம் படிவத்தில் எழுதினேன். ஒரு போட்டிக்காக. தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. அந்தப் பெண் என் பாட்டிதான். பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். எழுதி முடித்ததும் 'திருத்தமான' தமிழாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன். மங்கு என்று எழுதியிருந்ததைக் கிண்ணம் ஆக்கினேன். தீம்பார், இரப்பர் தோட்டம் ஆயிற்று. பெரட்டு, காலை வருகைப் பதிவு ஆயிற்று. காண்டாவுக்கு எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை. பாட்டி வாளிகளைச் சுமக்கும் காட்சியையே எடுத்துவிட்டேன்.

கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. பெருமையோடு பாட்டியை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். கோயிலில் சொற்பொழிவு கேட்பதுபோல அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்கு பாப்பா. அந்தம்மா எந்தத் தோட்டம்?" என்றார்.

அவரைப் பற்றித்தான் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்ன தவறு நடந்தது என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பாட்டி விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, தீம்பாருக்குப் போவார். வெயில் ஏறுவதற்குள் மரத்தை வெட்டிவிட வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். ஐந்நூறுக்குக் குறையாத மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் முதல் நாள் கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்து, மங்கைத் துடைத்து, உளியால் பட்டையைச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். காயம் பட்டால் தண்டலிடம் ஏச்சு. பிறகு வாளியோடு மறுபடியும் மரம் மரமாகப் போய்ப் பால் எடுத்து, காண்டாவில் தொங்கவிட்டு, தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை. மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

இந்த வாழ்க்கைக்கு என்று ஒரு மொழி இருந்தது. அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தால் பொருள் மாறாமல் இருக்கலாம். ஆள் மாறிப் போகிறாள். பாட்டி தன் வாழ்நாளில் கிண்ணத்தில் பால் எடுத்ததே இல்லை.

அந்தச் சொற்கள் வந்த வழியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். லயம், ஆங்கில 'லைன்' வீடுகளிலிருந்து வந்தது. பெரட்டு, 'பெரேட்' என்ற சொல்லின் பிள்ளை என்பார்கள். மலாய் மொழியில் தோளில் சுமப்பது 'கண்டார்'. நம்மவர் வாயில் அது காண்டா. வாய்க்காலை நாம் அல்லூர் என்கிறோமே, அது மலாயின் 'அலூர்'. மங்குகூட மலாய் 'மங்குக்'கிலிருந்து வந்தது என்பவர்கள் உண்டு. சாலையைச் சடக்கு என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது இந்துஸ்தானி. காலையில் சாப்பிடுவதைப் 'பசியாறுதல்' என்கிறோம் பாருங்கள், அது மட்டும் அப்பழுக்கில்லாத தமிழ். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தினர் அந்தச் சொல்லைக் கேட்டு உருகிப் போனார். நாமோ அதைக் கதையில் எழுதக் கூச்சப்பட்டு 'சிற்றுண்டி அருந்தினான்' என்று எழுதுகிறோம்.

சரி, பாட்டியின் சொற்களையெல்லாம் அப்படியே கொட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த தவறு அங்கே காத்திருந்தது. என் இரண்டாவது கதையில் வரிக்கு வரி தோட்டச் சொற்கள். அதையும் தமிழ்நாட்டுக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஒரு பெண் நாள்தோறும் ஐந்நூறு மரங்களை வெட்டிச் சாய்ப்பதை நம்ப முடியவில்லையாம். காடு அழிவதைப் பற்றிக் கதாசிரியருக்குக் கவலையே இல்லையா என்றும் கேட்டிருந்தார்கள்.

நமக்கு 'மரம் வெட்டினாள்' என்றால் பால் எடுக்கப் பட்டையைச் சீவினாள். அவர்களுக்கு மரத்தைச் சாய்த்தாள். இரண்டும் தமிழ்தான். கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபப்பட்டேன். அப்புறம் யோசித்தபோது குற்றம் அவர்களுடையது அல்ல என்று தோன்றியது. சொல்லைக் கொடுத்தேனே தவிர, அந்தச் சொல் வாழும் இடத்தை நான் காட்டவில்லை.

அடைப்புக்குறிக்குள் பொருள் போடலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு அது பிடிக்காது. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவர் எழுந்து விளக்கம் சொல்வதுபோல இருக்கும். அந்த வாக்கியத்தை நான் பதினேழு தடவையாவது மாற்றி எழுதியிருப்பேன். கடைசியில், உளியை மரத்தின் கோட்டில் வைத்து நகக்கண் அளவுக்குப் பட்டையைச் சீவியதும், வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்ததும், அது கோடு வழியே ஓடி மங்கில் விழுந்ததும் முதலில் வந்தன. அதற்குப் பிறகுதான் 'நான்கு நிரை வெட்டி முடித்தபோது விடிந்துவிட்டது' என்று எழுதினேன். இப்போது யாரும் காட்டைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். கதை எழுதும் வேலையில் பெரும்பகுதி இதுதான். கற்பனை என்பார்கள், அகத்தூண்டல் என்பார்கள். எனக்கு அதெல்லாம் மாதத்தில் ஒரு நாள் வந்தால் உண்டு. மற்ற நாள்களில் எந்தச் சொல்லை எங்கே உட்கார வைப்பது என்ற கணக்குத்தான்.

இந்தக் கணக்கை இந்நாட்டில் நாளிதழ்களே கற்றுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1950-இல் 'தமிழ் நேசன்' கதை வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். பல்கலைக்கழகமும் பட்டறையும் எட்டாத இளையோருக்குப் பத்திரிகையே வகுப்பறை ஆயிற்று. அதே பத்தாண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த 'தமிழ் முரசு', மாணவர் மணிமன்றம் என்று மாணவர்களுக்கே பக்கம் ஒதுக்கியது. நம் ஜொகூரில், தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா, மா. செ. மாயதேவனோடு சேர்ந்து 'இரத்ததானம்' என்ற சிறுகதைத் தொகுப்பை 1953-இல் வெளியிட்டார். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த மாதிரிப் பக்கங்களின் தாத்தா பாட்டிமார் அவர்கள் எல்லாரும்.

1952-இல் கு. அழகிரிசாமி தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தார். 1957 வரை தமிழ் நேசனில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூர் அவருடையது. அதே ஊரில் பிறந்து, அவரோடு சேர்ந்து வளர்ந்த நண்பர் ஒருவர் ஊரைவிட்டு நகராமல் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். எழுதத் தொடங்கியபோது தன் கரிசல் மண்ணின் பேச்சிலேயே எழுதினார். அது மட்டும் போதாது என்று, அந்த மண்ணின் சொற்களைத் திரட்டிக் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யை 1982-இல் வெளியிட்டார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் இருக்கையில் உட்கார வைத்தது. 1991-இல் சாகித்திய அகாதமி விருது 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குக் கிடைத்தது.

இதை நான் மாணவர்களிடம் சொல்லும்போது படிப்பை விட்டுவிடலாம் என்று யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். நான் சொல்ல வருவது அகராதியைப் பற்றி. ஒரு விவசாயி தன் ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். நம்முடைய தீம்பாரை, பெரட்டை, காண்டாவைக் குறித்து வைக்க வேண்டியவர் யார்?

சாஆவைச் சுற்றி இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனை. பால்மரம் போனதும் அதோடு சேர்ந்து மங்கு போனது. கோட்டுப்பால் போனது. லயங்களிலிருந்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. லயத்து வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று அங்கே வாழ்ந்தவர் யாரும் கேட்க மாட்டார். பொருள் போனதும் சொல் போவதுதான் இயற்கை. ஆனால் அந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டு ஒரு தலைமுறை உழைத்து நம்மைப் படிக்க வைத்தது. அவர்களை எழுத வேண்டுமானால் அந்தச் சொற்கள் வேண்டும்.

இனி அந்த மாணவரின் கேள்வி. 'லா' போடலாமா? எஸ்பிஎம் தமிழ்க் கட்டுரையில் போடாதீர்கள். மதிப்பெண் போனால் உங்கள் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். கதையில், அந்தப் பாத்திரம் உண்மையில் அப்படித்தான் பேசுவான் என்றால் போடுங்கள். பசியாறும் கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் இளைஞர்கள் பேசுவது காதில் விழுகிறது. "அசைன்மென்ட் சியாப்பா?" "சாப்பாடு தாப்பாவ் பண்ணிட்டு வரேன்." ஒரு மலாய்ச் சொல், ஒரு சீனச் சொல், ஓர் ஆங்கிலச் சொல், அதைத் தாங்கி நிற்கத் தமிழ் வினை. பாட்டியின் காண்டாவும் ஒரு காலத்தில் இப்படித்தானே வந்திருக்கும்? ஆனால் கதை சொல்பவரின் குரலும் அதே வேகத்தில் கலந்து ஓடினால் யார் பேசுகிறார் என்றே தெரியாமல் போய்விடும். விவரிப்புக்கு நல்ல தமிழ் வேண்டும். அதற்கு நிறையப் படிக்க வேண்டும். இதில் குறுக்கு வழி எதுவும் நான் கண்டதில்லை.

ஒரு பயிற்சி சொல்கிறேன், விரும்பினால் செய்து பாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் பேசுவதைப் பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். பிறகு அதை ஒரு சொல்கூட மாற்றாமல் தாளில் எழுதுங்கள். முதல் தடவை கை தானாகவே 'திருத்தி' எழுதும். என் கை இன்றும் அப்படிச் செய்கிறது.

பாட்டி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவரை நான் பதிவு செய்து வைக்கவில்லை. கைப்பேசி கையில்தான் இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பாட்டிகளிடம் போகிறேன். போன வாரம் ஒருவரிடம் காண்டாவைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்துத் தன் வலது தோளில் வைத்தார். சேலைக்கு மேலேயே தெரிந்தது, காய்த்துப்போன ஒரு மேடு.

"எழுதப் போறியா?" என்றார்.

"ஆமாம் பாட்டி."

"பேப்பர்ல வந்தா சொல்லு. பேரனைப் படிக்கச் சொல்லிக் கேக்குறேன். அவன் மெதுவாத்தான் படிப்பான். பரவாயில்ல."