பூனை இரவில் எங்கே போகிறது?

பூனைக்கு யார் மணி கட்டுவது?

எலிகள் கூடிப் பேசிய இந்தக் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மணி கட்டினால் நல்லதுதான். ஆனால், கட்டப்போவது யார்? எலிகளால் முடியவில்லை.

மனிதர்கள் கட்டிவிட்டார்கள்! மணியை அல்ல, ஒரு சின்னஞ்சிறு கருவியை. அது பூனையின் கழுத்துப் பட்டையில் இருக்கும். சத்தம் போடாது. ஆனால் பூனை போன இடம், வந்த இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பகல் முழுவதும் பூனை வீட்டில் சுருண்டு படுத்துத் தூங்குகிறது. விளக்கு வைத்ததும் சோம்பல் முறிக்கிறது. சுவர் ஏறிக் குதிக்கிறது. பிறகு ஆளைக் காணோம்! விடிந்ததும் ஒன்றும் அறியாததுபோல் வந்து காலைச் சுற்றுகிறது.

இரவெல்லாம் அது எங்கே போயிருந்தது? யாருடைய வீட்டில் இருந்தது? எந்தச் சாலையைக் கடந்தது? எத்தனை குருவிகளைக் கொன்றது?

இந்தக் கேள்விகளுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது.

50 பூனைகள்

இங்கிலாந்தில், சர்ரே மாவட்டத்தில், ஷாம்லி கிரீன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் அந்த ஊர்ப் பூனைகள் டெலிவிஷனில் தோன்றிப் புகழ் பெற்றன!

பி.பி.சி. நிறுவனமும், ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகளும் சேர்ந்து இந்த ஆராய்ச்சியை நடத்தினார்கள். 50 வீட்டுப் பூனைகளுக்குக் கருவி பொருத்திய கழுத்துப் பட்டைகள் மாட்டப்பட்டன. சில பூனைகளின் கழுத்தில் சிறிய காமிராவும் தொங்கியது.

அந்த நாட்டு வீடுகளில், பெரிய கதவின் அடியில் பூனைக்கென்று ஒரு சின்னக் கதவு இருக்கும். முட்டித் தள்ளினால் திறந்துகொள்ளும். சில பூனைகள் அந்த வழியாக அடுத்த வீட்டுக்குள் புகுந்தன. அங்கே இருந்த பூனையின் சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தன!

இன்னொரு உண்மையும் தெரிந்தது. ஒரே தோட்டத்தில் பல பூனைகள் உலாவின. ஆனால், சண்டையைத் தவிர்க்க அவை நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று போன பிறகு மற்றொன்று வந்தது.

இரண்டு வீட்டுச் செல்லம்

அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010, 2011-ஆம் ஆண்டுகளில் வேறு ஒரு சோதனை செய்தார்கள். ஏதென்ஸ் என்ற ஊரில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் காமிரா கட்டிப் படம் பிடித்தார்கள்.

படத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். நான்கு பூனைகளுக்கு இரண்டு வீடு இருந்தது! இங்கே ஒரு வேளை சாப்பாடு; அங்கே ஒரு வேளை. இங்கே ஒரு மடி. அங்கே ஒரு மடி.

இது சிரிக்க வேண்டிய செய்தி. பயப்பட வேண்டிய செய்தியும் அதே படத்தில் இருந்தது.

100-க்கு 45 பூனைகள் சாலையைக் குறுக்கே கடந்தன. 100-க்கு 25 பூனைகள் வெளியில் கண்டதைத் தின்றன, குடித்தன. 100-க்கு 20 பூனைகள் மழைநீர்ச் சாக்கடைக்குள் இறங்கின.

ஒரு நாள் விடிந்த பிறகும் பூனை வராவிட்டால், வீட்டில் குழந்தைகள் அழுகிறார்கள். பெரியவர்கள் தெருத் தெருவாகத் தேடுகிறார்கள். பூனைக்குப் பட்டை மாட்டும் ஆசை பல வீடுகளில் அந்த நாளில்தான் பிறக்கிறது.

எவ்வளவு தூரம்?

பூனை எவ்வளவு தூரம் போகும்?

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 42 பூனைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் வீட்டுப் பூனைகளும் உண்டு. வீடில்லாத பூனைகளும் உண்டு. அந்த ஆராய்ச்சி 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

வீடில்லாத ஒரு கடுவன் பூனை 1,351 ஏக்கர் நிலத்தில் சுற்றியது! வீட்டுப் பூனைகள் சுற்றிய இடமோ சராசரி 5 ஏக்கருக்கும் குறைவு. வீட்டில் சாப்பாடு கிடைக்கிறதே, எதற்கு அலைய வேண்டும்?

வீட்டுப் பூனைகள் தங்கள் நேரத்தில் 100-க்கு 80 பங்கைத் தூக்கத்திலும் ஓய்விலும் கழித்தன. ஓட்டம், வேட்டை போன்ற சுறுசுறுப்பான வேலைக்கு 100-க்கு 3 பங்குதான் கொடுத்தன!

இதைவிடப் பெரிய கணக்கு 2020-ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் வடக்குக் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ரோலண்ட் கேஸ் அதற்குத் தலைமை வகித்தார். ஆறு நாடுகளில் 925 வீட்டுப் பூனைகளுக்குப் பட்டை மாட்டினார்கள். மாட்டியவர்கள் பூனை வளர்த்த சாதாரணக் குடும்பத்தினர்தான்.

ஒரு பூனை சுற்றிய இடம் சராசரி 3.6 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 9 ஏக்கர். பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குள்ளேயே பொழுதைப் போக்கின.

ஆனால், எல்லாப் பூனையும் ஒன்றல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு சிறு கிராமத்தில் மாக்ஸ் என்று ஒரு பூனை. அது சாலை வழியே ஒரு மைலுக்கு மேல் நடந்து அடுத்த ஊருக்குப் போயிற்று. அங்கே போய்த் திரும்பி, வந்த வழியே வீடு சேர்ந்தது. ஆறு நாளில் இரண்டு தடவை இந்தப் பயணம்! எதற்காகப் போயிற்று? அது மாக்ஸுக்குத்தான் வெளிச்சம்.

முயலில் தொடங்கியது

மிருகத்தின் கழுத்தில் கருவி கட்டும் யோசனை புதிதல்ல.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் வில்லியம் காக்ரன் என்பவர் காட்டு முயல்களுக்குச் சின்ன ரேடியோக் கருவிகளைப் பொருத்தினார். 1963-இல் அவரும் ரெக்ஸ்ஃபோர்டு லார்டு என்பவரும் அந்த முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்தக் கருவி ரேடியோ அலைகளை அனுப்பும். ஆராய்ச்சியாளர் கையில் ஏரியலைப் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடக்க வேண்டும். ஓசை பலமாகக் கேட்டால் மிருகம் அருகில் இருக்கிறது என்று பொருள்.

பிறகு செயற்கைக் கோள்கள் வந்தன. ஜி.பி.எஸ். முறைக்கான முதல் செயற்கைக் கோளை அமெரிக்கா 1978-ஆம் ஆண்டில் விண்ணில் ஏவியது. முதலில் அதன் முழுத் துல்லியமும் ராணுவத்துக்கு மட்டுமே கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. கப்பலுக்கும் காருக்கும் வழி காட்டிய முறை, பூனைக்கும் வந்து சேர்ந்தது.

வானத்தில் சாட்சி

பட்டை எப்படி வேலை செய்கிறது?

பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோ மீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும், "இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பூனையின் கழுத்தில் உள்ள கருவி அதைக் கேட்கும். செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் போதும். தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால், இது கருவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பட்டையின் உள்ளே, செல்போனில் இருப்பதுபோல் ஒரு சிம் கார்டு இருக்கும். அது செல்போன் கோபுரங்கள் மூலம் செய்தி அனுப்பும். வீட்டுக்காரரின் செல்போனில் ஊர்ப்படம் தோன்றும். அதில் ஒரு புள்ளி நகரும். அந்தப் புள்ளிதான் பூனை!

சிம் இல்லாத பட்டைகளும் உண்டு. அவை பூனை போன வழியைக் குறித்து வைத்துக்கொள்ளும். பூனை திரும்பிய பிறகு, கழற்றிக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். நேற்றைய கதை தெரியும். பூனை இந்த நிமிடம் எங்கே என்பது தெரியாது.

எதிர்வீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம்!

புள்ளி காட்டுவது எல்லாம் வேத வாக்கு அல்ல.

கூரைக்கு அடியிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் செயற்கைக் கோளின் செய்தி சரியாகக் கிடைக்காது. அப்போது புள்ளி சில மீட்டர் தள்ளிக் குதிக்கும். பூனை நம் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருக்கும். புள்ளியோ எதிர்வீட்டுச் சமையல் அறையில் நிற்கும்! அதை நம்பி, "என் பூனையை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று சண்டைக்குப் போகக் கூடாது.

பாட்டரியும் ஒரு தொல்லை. அடிக்கடி செய்தி அனுப்பினால் சீக்கிரம் தீர்ந்துபோகும். பெரிய பாட்டரி வைத்தால் பூனையின் கழுத்து தாங்காது.

அரிசி அளவில் ஒரு சில்லு

இங்கிலாந்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வீட்டுப் பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் அதன் தோலுக்கு அடியில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்த வேண்டும். அது ஓர் அரிசியின் அளவுதான் இருக்கும்.

அந்தச் சில்லு, பூனை இருக்கும் இடத்தைக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சில்லில் பாட்டரி கிடையாது. அதில் இருப்பது ஓர் எண் மட்டுமே. காணாமல்போன பூனையை யாராவது மருத்துவரிடம் கொண்டுபோய், அவர் கருவியை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண் தெரியும். எண்ணைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்கலாம்.

பூனை எங்கே என்று பட்டை சொல்கிறது. பூனை யாருடையது என்று சில்லு சொல்கிறது. பட்டை கழன்று விழலாம். சில்லு விழாது.

கழுத்துக்குக் கேடு வரலாமா?

பூனை வேலிக்குள் நுழையும், மரக்கிளையில் ஏறும். அங்கே பட்டை மாட்டிக்கொண்டால் கழுத்து நெரிந்துவிடும்! ஆகையால், பலமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டையைத்தான் வாங்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பட்டை தொலைந்தால் பணத்தோடு போயிற்று. இறுகினால் உயிர் போய்விடும்.

எடையையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2014-இல் வெளியாயிற்று. கருவியின் எடை கூடினால் பூனையின் நடமாட்டமே மாறிவிடுகிறது என்று அது காட்டியது. பூனையின் எடையில் 100-க்கு 2 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் யோசனை. 4 கிலோ பூனைக்கு 80 கிராம்தான் எல்லை.

குருவியின் கதி

பூனை அதிக தூரம் போவதில்லை என்று கேட்டதும் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால், அந்த 100 மீட்டருக்குள் கூடு கட்டியிருக்கும் குருவிக்கு?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. காட்டு மிருகம் பரந்த நிலத்தில் வேட்டையாடுகிறது. வீட்டுப் பூனையோ சின்ன இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டுக்கு வீடு பூனை வளர்க்கும் ஊரில், அத்தனை பூனைகளும் அதே இடத்தில் வேட்டையாடுகின்றன. ஆகவே, அந்தச் சின்ன இடத்தில் வீட்டுப் பூனைகளால் சிற்றுயிர்களுக்கு ஏற்படும் சேதம், காட்டு வேட்டை மிருகத்தால் ஏற்படுவதைவிட 2 மடங்கு முதல் 10 மடங்கு வரை அதிகம் என்று 925 பூனைகளின் கணக்கு காட்டியது.

"எங்கள் பூனை எதையும் கொன்று கொண்டுவந்ததே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஜார்ஜியாவில் காமிரா என்ன சொல்லிற்று? பூனைகள் பிடித்த இரையில் 100-க்கு 23 பங்குதான் வீட்டுக்கு வந்தது. ஏறக்குறைய பாதியை, பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன. மற்றதைத் தின்றுவிட்டன.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு விடுமா? வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டாலும் குருவி பிழைத்துவிடாது.

பத்து நிமிடம் போதும்

பட்டை பூனையைத் தடுக்காது. சாலையில் கார் வந்தால் நிறுத்தாது. குருவியை எச்சரிக்காது. அது வெறும் சாட்சி. சாட்சி சொன்ன பிறகு செய்ய வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு.

என்ன செய்யலாம்? இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021-ஆம் ஆண்டில் வழி சொன்னார்கள். இறைச்சிச் சத்து நிறைந்த உணவு கொடுத்தபோது, பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 100-க்கு 36 பங்கு குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிடம் பூனையோடு விளையாடியபோது 100-க்கு 25 பங்கு குறைந்தது!

பட்டை காட்டும் வழியில் பெரிய சாலை இருந்தால், இரவில் பூனையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம். படுக்கும் முன் ஒரு கயிற்று நுனியை ஆட்டி அதோடு பத்து நிமிடம் விளையாடலாம். குழந்தைகளுக்கும் அது கொண்டாட்டம்!

இரவில் பூனை எங்கே போகிறது என்று பட்டை சொல்லிவிட்டது. போக விடலாமா, வேண்டாமா? அதைச் சொல்ல வேண்டியவர், கதவின் தாழ்ப்பாளைக் கையில் வைத்திருப்பவர்தான்.