உங்களுக்குத் தெரியுமா? வேதாகமத்துக்கு எண் போட்டவர்கள்

"யோவான் 3:16" என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் யோவானோ பவுலோ இந்த எண்களைக் கண்டதே இல்லை! இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. பாரிஸில் வேதம் கற்பித்து, பின்பு கேன்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களைத் தந்தவர் ஓர் அச்சகக்காரர். பெயர் ராபர்ட் எஸ்தியேன். 1551இல் ஜெனீவாவில் அவர் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில்தான் அவை முதலில் இடம்பெற்றன. பாரிஸிலிருந்து லியோனுக்குப் போன பயணத்தின்போது இந்த வேலையைச் செய்ததாக அவர் மகன் எழுதிவைத்திருக்கிறார். குதிரை குலுங்கிய இடத்திலெல்லாம் எண் விழுந்துவிட்டது என்று பின்னாளில் கேலி செய்தவர்களும் உண்டு.

வசன எண்களை மட்டுமல்ல, அதிகாரப் பிரிவுகளையும் இப்படிக் குறைசொல்ல இடம் இருக்கத்தான் செய்கிறது. ஏசாயா 53 என்று நாம் சொல்லும் பாடுபடும் தாசனின் பாடல், 52:13இலேயே தொடங்கிவிடுகிறது. 1 கொரிந்தியர் 11இன் முதல் வசனமோ 10ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருந்திருக்க வேண்டியது.

அடுத்த முறை ஏசாயா 53ஐத் தியானிக்கும்போது, மூன்று வசனம் முன்னாலிருந்து தொடங்கிப் பாருங்கள்.