மெல்லிய கோலின் வல்லமை

உணவு தேடிய மனிதன் கைக்கொண்ட தொழில்களுள் தூண்டிலிடுதல் மிகத் தொன்மையானது. வயிற்றுக்காகத் தோன்றிய அத்தொழில், காலப்போக்கில் உள்ளத்துக்கு அமைதி தரும் விளையாட்டாகவும் மலர்ந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இவ்விளையாட்டின் தலைமகனாக விளங்குவது பாஸ் என்னும் நன்னீர் மீனாகும். விடுமுறை நாள் வந்துவிட்டால், தந்தையும் மைந்தரும், பல குடும்பங்களில் அன்னையரும் புதல்வியருங்கூட, சிறு படகுகளில் ஏறி ஏரிகளை நோக்கிப் புறப்பட்டுவிடுவர்.

அத்தகைய குடும்பமொன்று தூண்டிற் கடைக்குட் புகுந்தால் முதலிற் காண்பது மலைப்பையே. சுவரோரமாக நூற்றுக்கணக்கான கோல்கள் அணிவகுத்து நிற்கும். 30 டொலர்க் கோலும் உண்டு. 500 டொலரைத் தாண்டும் கோலும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத் தலைவன் எதனைத் தெரிவு செய்வது? மலிவென்று வாங்கியது ஓராண்டில் மூலையிற் கிடக்கலாம்; விலையுயர்ந்ததை வாங்கினாலோ வீட்டின் வேறொரு தேவை பின்தள்ளப்படும். ஏறத்தாழ 100 டொலருக்கும் 200 டொலருக்கும் இடைப்பட்ட நடுத்தர விலைக் கோல்களே இவ்விரு இடர்களுக்கும் நடுவே வழிகாட்டுவன. அவற்றுள்ளும் நல்லதை அறிந்து கொள்வது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

மீனை அறிதல்

கோலை அறியுமுன் மீனை அறிதல் வேண்டும். பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என இம்மீனில் இரு முக்கிய இனங்கள் உள. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியே இவற்றின் தாயகம். நீர்ப்பூண்டுகளின் நிழலிலும், அமிழ்ந்து கிடக்கும் மரங்களின் இடுக்கிலும் மறைந்திருந்து, அண்மையில் வரும் சிறு மீனையும் நன்னீர் இறாலையும் வாய் திறந்து உறிஞ்சி விழுங்கும் இயல்புடையது பெருவாய்ப் பாஸ்.

1932 ஆம் ஆண்டு ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள மீனே நெடுங்காலம் உலக சாதனையாக நின்றது. 2009 ஆம் ஆண்டு யப்பானின் பீவா ஏரியில் மனாபு குரீட்டா என்பவர் அதனினும் ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைந்த அளவே மிகுதியான மீனொன்றைப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் மிகுதி வேண்டுமென்பது விதியாதலால், இருவருஞ் சமமெனவே தீர்ப்பாயிற்று. அமெரிக்க மீன் யப்பானுக்கு எவ்வாறு சென்றது என்று மாணவர்கள் வினவுதல் கூடும். 1925 ஆம் ஆண்டு அக்காபோஷி தெத்சுமா என்ற தொழிலதிபர் அதனைக் கலிபோர்னியாவிலிருந்து கொணர்ந்து, ஆஷி ஏரியில் விட்டதே அதன் தொடக்கம்.

நுண்முறை என்பது யாது?

மனிதர் மிகுதியாகத் தூண்டிலிடும் ஏரிகளில் மீன்களும் எச்சரிக்கை கொண்டுவிடுகின்றன. பெரிய போலி இரை ஆரவாரத்துடன் நீரில் விழுந்தால் அவை விலகிச் செல்லும். தெளிந்த நீரில் தடித்த நூலும் அவற்றை மிரட்டிவிடும். இந்நிலையில் அமெரிக்கரும் யப்பானியரும் வளர்த்தெடுத்ததே 'பினெஸ்' எனப்படும் நுண்முறை. சிறிய இரை, மெல்லிய நூல், மெதுவான அசைவு என்பனவே இதன் உயிர்நாடி.

இம்முறையின் இரு வகைகளைக் காண்போம். 'ட்ரொப் ஷொட்' என்னும் வகையில், நூலின் நுனியில் எடைக்குண்டு தொங்கும். அதற்கு ஓரடி அளவு மேலே கொளுக்கியும் இரையும் இருக்கும். குண்டு தரையைத் தொட்டிருக்க, இரை மட்டும் நீரிடையே மெல்ல நடுங்கும். யப்பானியர் கையாண்ட இவ்வகை 1990 களில் அமெரிக்காவிற் பரவலாயிற்று. 'நெட் ரிக்' என்பது மற்றொன்று. கான்சஸ் மாநிலத்து எழுத்தாளர் நெட் கேடி என்பவரின் பெயரால் வழங்கும் இவ்வகையில், காளான் வடிவத் தலையுடைய சிறு கொளுக்கியில் ஏறத்தாழ 3 அங்குல மென்பிளாஸ்டிக் இரையொன்று கோக்கப்படும். இவ்விரைகளின் எடை பெரும்பாலும் 2 கிராம் முதல் 7 கிராம் வரையே. நூலோ 6 முதல் 10 இறாத்தல் இழுவையை மட்டுமே தாங்குவது.

இனி, கோலின் பணி தெளிவாகும். இறகுபோன்ற இரையைத் தொலைவுக்கு எறிதல் முதலாவது. மீன் இரையை வாயிலிட்ட கணத்தை விரல்களுக்கு உணர்த்துதல் இரண்டாவது. மீன் திமிறும்போது நூல் அறாதபடி வளைந்து கொடுத்தல் மூன்றாவது. இம்மூன்றையும் ஒருங்கே செய்யும் கோலே நுண்முறைக்கு உகந்தது.

வலிமையும் வளைவும்

கோலின் கைப்பிடிக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துக்களைக் கவனித்து வாசித்தல் வேண்டும். 'பவர்' என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பதைக் குறிப்பது. 'அக்ஷன்' என்பது கோல் எவ்விடத்தில் வளைகிறது என்பதைக் குறிப்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் பலர். நுண்முறைக்கு வலிமையில் 'மீடியம் லைட்' அல்லது 'மீடியம்' என்னும் தரமும், வளைவில் நுனிப் பகுதி மட்டும் வளையும் விரைவு வகையும் பொருந்தும். நுனி மென்மையாயிருப்பதால் சிறு இரையை எறிய இயலும். அடி உறுதியாயிருப்பதால் கொளுக்கியைப் பதிக்கவும், மீனைப் பூண்டுகளுக்குட் புகவிடாது திருப்பவும் இயலும்.

எனினும் இச்சொற்களுக்கு எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் 'மீடியம்' மற்றொருவரின் 'மீடியம் லைட்' ஆக இருக்கலாம். எனவே பெயரை நம்பாது, அதன் அருகே பொறித்துள்ள இரையெடை எல்லையையும் நூல்வலிமை எல்லையையும் பார்ப்பதே அறிவுடைமை. நீளத்தைப் பொறுத்தமட்டில் ஆறே முக்காலடி முதல் ஏழடி வரை பெரும்பாலோர்க்கு ஏற்றது. படகிலிருந்து ஆழத்திற் செங்குத்தாக இரையை இறக்குவோர் சற்றுக் குறைந்ததையும், கரையிலிருந்து தொலைவுக்கு எறிவோர் சற்றுக் கூடியதையும் கொள்ளலாம்.

மூங்கிலிலிருந்து காபன் வரை

ஒருகாலத்தில் சிறந்த கோல்கள் சீனாவின் தென்பகுதியில் விளைந்த மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்யப்பட்டன. 1950 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தபோது அம்மூங்கிலின் வரவு நின்றது. இரண்டாம் உலகப் போரையடுத்துத் தோன்றியிருந்த கண்ணாடி நார்க் கோல்கள் அவ்விடத்தை விரைவிற் பிடித்துக்கொண்டன. 1970 களின் முற்பகுதியில் காபன் நார்க் கோல்கள் சந்தைக்கு வந்தன. எடைக்கேற்ற விறைப்பில் காபன் நார் கண்ணாடி நாரை மிகவும் விஞ்சியதாதலால், மீனின் மெல்லிய தீண்டலும் கோல்வழியே கைக்கு வந்து சேர்கிறது.

விலையேற ஏற விறைப்பு மிக்க நாரைக் குறைந்த பிசினுடன் சேர்த்துக் கோலை இலேசாக்குகின்றனர். ஆனால் சுவர் மெலிந்த அத்தகைய கோல் படகின் விளிம்பில் மோதினால் எளிதில் ஊறுபடும். கோலை முறிப்பது மீனைவிட மோட்டார் வண்டிக் கதவே என்று அனுபவசாலிகள் கூறுவது வெறும் வேடிக்கையன்று. நடுத்தர விலைக் கோல்களில் உணர்திறனும் உரமும் ஒருவாறு சமநிலை பெற்றிருப்பதே அவற்றின் சிறப்பு. 'ஐ.எம். 6', 'ஐ.எம். 8' முதலிய குறிகளைக் கண்டு மயங்குதல் வேண்டா. அவை ஒரு நார் உற்பத்தியாளரின் வணிகப் பெயர்களாகத் தோன்றியவையேயன்றி, தரத்தை உறுதிசெய்யும் பொது அளவைகள் அல்ல.

கடையிற் செய்யவேண்டிய சோதனைகள்

முதலாவதாக, வளையங்களைப் பார்க்க. இன்று நுண்முறையாளர் பலர் மெல்லிய பின்னல் நூலைச் சுற்றி, அதன் முனையில் நீரிற் புலப்படுதல் அரிதான புளோரோகாபன் நூலை முடிகின்றனர். பின்னல் நூல் மென்மையான உலோகத்தை அரிக்கும் தன்மையது. ஆகையால் வளையங்களுள் கடினமான பீங்கான் வகைப் பொருள் பதித்திருத்தல் நன்று. சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தினூடும் இழுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் பஞ்சின் இழை காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவதாக, கோலை ஒரு கண்ணால் அடியிலிருந்து நுனிவரை நோக்குக. வளையங்கள் ஒரே நேரில் நிற்றல் வேண்டும். மூன்றாவதாக, வீட்டிலுள்ள ரீலை உடன் கொண்டுசென்று பூட்டிப் பார்க்க. ரீலுக்குச் சற்று முன்னே ஒரு விரலில் தாங்கும்போது கோல் சமநிலையில் நின்றால், நாள் முழுதும் பிடித்தாலும் மணிக்கட்டு நோகாது. நுனியைக் கையாற் பற்றி மேல்நோக்கி இழுத்துச் சோதிப்பது தவறு. நல்ல கோலும் அதனால் முறிந்துவிடும். ஈற்றில், உத்தரவாதம் எத்தனை ஆண்டுக்கு, முறிந்தால் மாற்றுவதற்கு எவ்வளவு செலவு என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கோலுக்கே செலவிடுவதும் விவேகமன்று. மெல்லிய நூலைக் காப்பதிற் பாதிப் பொறுப்பு ரீலுடையது. மீன் பாயும்போது நூலைத் தடங்கலின்றி விட்டுக்கொடுக்கும் ரீல் இல்லையெனில், சிறந்த கோலும் பயனற்றுப்போகும்.

மீனின் உயிரும் நம் பொறுப்பும்

தெரிவில் நேரும் பிழை நமது பணப்பையை மட்டும் பாதிப்பதன்று. கோல் அளவுக்கு மீறி மெலிந்திருந்தால் மீனை வசப்படுத்த நெடுநேரம் செல்லும். வெந்நாட்களில் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவு; அந்நிலையில் களைத்துச் சோர்ந்த மீன் நீரில் விடப்பட்ட பின்னும் மாண்டுபோகக் கூடும். ஆழத்திலிருந்து மேலே கொணரப்பட்ட மீனின் காற்றுப்பை விரிவடைந்து அது தத்தளிப்பதும் உண்டு. எனவே மென்மை வேண்டுமென்பதற்காக அடியுறுதியை இழந்துவிடலாகாது.

அமெரிக்காவிற் பாஸ் போட்டிகளை வளர்த்த ரே ஸ்கொட் என்பார், 1972 ஆம் ஆண்டு, பிடித்த மீனைக் கொல்லாது விடுக என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அதன்பின் பிடித்து விடுதலே அங்கு நல்லொழுக்கமாயிற்று. ஆனால் யப்பானில் நிலைமை வேறு. வந்தேறிய இம்மீன் உள்நாட்டுச் சிறு மீன்களை விழுங்கி அழிப்பதால், பீவா ஏரியிற் பிடித்த பாசை மீண்டும் நீரில் விடுவது 2003 ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் அதனை உயிருடன் கொண்டுசெல்வதற்கும் சட்டம் தடை விதித்தது. ஓரிடத்தில் அருளெனப்படுவது மற்றோரிடத்தில் கேடாதல் காண்க! ஆழம் அறியாமற் காலை விடாதே என்ற முதுமொழி இங்கும் பொருந்தும். மீன் எங்குத் தோன்றியது, எங்கு வந்தேறியது என்பதை அறியாது தூண்டிலெடுத்தல் கூடாது.

இளைஞனொருவன் முதன்முறையாக ஒரே கோல் வாங்குவதாயின், ஏழடி நீளமும், மீடியம் லைட் வலிமையும், விரைவு வளைவும், பீங்கான் வளையங்களும் உடைய நடுத்தர விலைக் கோல் அவனுக்குப் போதும். எஞ்சிய பணம் நல்ல ரீலுக்கும் நூலுக்கும் ஆகட்டும். அதன்மேல் வேண்டுவது பொறுமையே. அதனை எந்தக் கடையிலும் விலைகொடுத்து வாங்க இயலாது. நீர்க்கரையில் அமைதியாக நின்று, விரல் நுனியில் ஓர் உயிரின் மெல்லிய தீண்டலை உணரப் பழகியவன், வாழ்விலும் சிறியனவற்றைக் கூர்ந்து நோக்கும் ஆற்றலைப் பெறுவான் என்பது திண்ணம்.